சுமையோடு ஓர் இரவுப் பயணம்: எந்தச் சைக்கிளை வாங்குவது?

ஜொகூரில் வார இறுதி விடுமுறை 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. 2014 முதல் பதினோர் ஆண்டுகள் வெள்ளி, சனி என்றிருந்த நடைமுறை மாறியதால், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைக்கிறது. சனிக்கிழமை காலையில் சைக்கிளில் கிளம்பி, கடலோரத்திலோ சிறு பட்டணத்திலோ ஓர் இரவு தங்கி, ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்பும் பயணத்துக்கு இது நல்ல வாய்ப்பு.

ஆனால், பலருடைய பயணம் சைக்கிள் கடையிலேயே தவறாகத் தொடங்கிவிடுகிறது. கடைக்குப் போனதும் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறார்கள். லேசாக இருந்தால் நல்ல சைக்கிள் என்று முடிவு செய்து, சேமித்து வைத்த பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கட்டப் பார்க்கும்போதுதான், கேரியர் பூட்ட அதில் இடமே இல்லை என்பது தெரிகிறது. எப்படியோ கட்டிக் கொண்டு போனாலும் ஏற்றத்தில் கியர் போதவில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடிவிடுகிறது. பின்னால் செம்பனை லாரி வரும் சாலையில் இது விளையாட்டல்ல.

சுமையோடு போகும் பயணத்துக்குச் சைக்கிள் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது எவ்வளவு எடை?' என்பதல்ல. 'இது எவ்வளவு எடையைத் தாங்கும், அந்த எடையோடு நிற்குமா?' என்பதுதான். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

தோட்டத்துச் சைக்கிள் கற்றுத் தந்தது

பால்மரக் காலத்தில் ஜொகூர்த் தோட்டங்களில் சைக்கிள் ஓர் உழைப்புக் கருவி. விடியற்காலையில் மரம் வெட்டப் போனவர்கள், வெட்டி முடித்த பின் பால் வாளிகளைச் சைக்கிளின் இரு பக்கமும் தொங்கவிட்டு நிறுவைக்குக் கொண்டு போனார்கள். ரொட்டி விற்றவரும் துணி விற்றவரும் லயம் லயமாகச் சென்றது சைக்கிளில்தான். ரேலி, ஹெர்குலிஸ் போன்ற பிரிட்டிஷ் பெயர்கள் இன்றும் மூத்தவர்களின் வாயில் வருகின்றன.

அந்தச் சைக்கிள்களின் அமைப்பைக் கவனித்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கும். சட்டம் முழுக்க எஃகு. இரு சக்கரங்களுக்கும் இடையே நல்ல இடைவெளி இருந்ததால் பின்னால் பாரம் ஏற்றினாலும் முன் சக்கரம் எளிதில் மேலே எழும்பாது. பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன் சக்கரத்தில் 32 கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். பாரம் பின்னால்தான் விழும் என்பதால் அங்கே கம்பி அதிகம். டயரின் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். இன்று கடைகளில் நெடும்பயணச் சைக்கிள் என்று விற்கப்படுபவற்றின் டயர் அகலமும் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கிறது.

அதே சைக்கிளில் இரண்டு குறைகளும் உண்டு. பலவற்றில் கியர் கிடையாது. மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பிரேக்கோ இரும்புக் கம்பியால் இழுக்கப்பட்டு, குரோமியம் பூசிய எஃகு ரிம்மை அழுத்துவது. மழையில் நனைந்தால் அது வழுக்கும். ஆகவே, இன்று வாங்க வேண்டிய சைக்கிளைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், தாத்தாவின் சைக்கிளில் இருந்த வலுவும் அவருக்குக் கிடைக்காத கியரும் பிரேக்கும் சேர்ந்த ஒன்று.

வீட்டின் பின்புறம் அப்படியொரு பழைய சைக்கிள் கிடந்தால், அதைப் புதுப்பித்து ஓட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் 28 அங்குல டயரும், இன்று 700சி என்று விற்கப்படும் டயரும் பார்க்க ஒன்று போலிருந்தாலும் அளவு வேறு. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

1942இல் இதே சாலைகளில்

ஜொகூர்ச் சாலைகளில் சுமையேற்றிய சைக்கிள்கள் பெருங்கூட்டமாகச் சென்றது ஒரு கசப்பான காலத்தில். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, ஏறக்குறைய 8 வாரங்களில் தீபகற்பத்தின் தென்முனையை எட்டியது. அதன் காலாட்படையில் பெரும்பகுதி ஆயுதத்தையும் அரிசியையும் சைக்கிளில் ஏற்றிக் கொண்டு வந்தது. 1942 ஜனவரி 14ஆம் தேதி கிம்மாஸ் அருகே கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து தாக்கியபோது, பாலத்தைக் கடந்து வந்துகொண்டிருந்ததும் சைக்கிள் படைதான். பிறகு மூவார், பத்து பகாட் பகுதிகளில் கடும் சண்டை நடந்தது. ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்து உடைத்தது. அதன்பின் வந்த ஆட்சியில் தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட துயரம் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் ஆறாதது.

அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான மசனோபு சுஜி பின்னாளில் எழுதிய நூலில், சைக்கிள் தொடர்பான ஒரு செய்தி உண்டு. வெயிலிலும் பாரத்திலும் டயர்கள் வெடித்துக் கொண்டே இருந்தன. பழுது பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு பிரிவிலும் ஆட்கள் இருந்தார்கள். நேரமில்லாதபோது டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த ஓசையைக் கேட்டவர்கள் டாங்கி வருவதாக எண்ணினார்களாம்.

படைக்குப் பழுது பார்க்க ஆள் இருந்தது. வார இறுதியில் கிளம்பும் இருவருக்கோ மூவருக்கோ அப்படி யாரும் இல்லை. சுமை ஏறிய சைக்கிளில் முதலில் தோற்பது டயரும் சக்கரமும்தான். பணத்தை எங்கே செலவழிப்பது என்று யோசிக்கும்போது இதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

முதலில் பாதையை முடிவு செய்யுங்கள்

சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எங்கே போகப் போகிறோம் என்பது தெரிய வேண்டும். ஜொகூரின் நிலம் ஒரே மாதிரி இல்லை.

மேற்குக் கரை பெரும்பாலும் சமதளம். ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் வழியாகப் பொந்தியான் செல்லும் 5ஆம் எண் கூட்டரசு சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அங்கிருந்து குக்குப், தஞ்சோங் பியாய் வரை ஏற்றம் என்று சொல்லத்தக்க இடம் அதிகம் இல்லை. முதல் பயணத்துக்கு இது ஏற்ற திசை. பத்து பகாட், மூவார் கரையோரமும் அப்படித்தான்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் 50ஆம் எண் சாலை வேறு கதை. கஹாங், ஜெமாலுவாங் வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வரும் இந்தப் பாதையில் சிறு சிறு மேடுகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். செம்பனைத் தோட்டங்களும் காடும் நீளும் இடங்களில் கடை கண்ணில் படாது. காட்டு யானைகள் சாலையைக் கடக்கும் பகுதியும் இதுவே. இருட்டிய பிறகு இங்கே சைக்கிளில் இருக்கவே கூடாது. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் 3ஆம் எண் சாலைக்கும் இது பொருந்தும்.

டோல் நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. செனாய்–தேசாரு நெடுஞ்சாலை தூரத்தைக் குறைக்கும் என்று கைப்பேசி வரைபடம் காட்டினாலும் அதில் போக முடியாது. தேசாருக்குப் போகிறவர்கள் கோத்தா திங்கி வழியாகப் பழைய சாலையைத்தான் பிடிக்க வேண்டும்.

தோட்டத்துச் செம்மண் பாதைகளில் போக விரும்புபவர்கள், அவை தனியார் நிலம் என்பதை மறக்கக் கூடாது. நிர்வாகத்திடமோ காவல் கொட்டகையிலோ கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தப் பாதைகளில் செம்பனை மட்டையின் முட்கள் சிதறிக் கிடக்கும். மெல்லிய டயர் அங்கே ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். மெர்சிங், கோத்தா திங்கி, குளுவாங், சிகாமட் பகுதிகளில் வெள்ளம் வருவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். கிழக்குக் கரைப் பயணத்தை ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையே வைத்துக் கொள்வது நல்லது.

சுமை எவ்வளவு?

ஓர் இரவுக்கு என்ன பெரிய மூட்டை என்று தோன்றும். நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். கூடாரம் 2 கிலோ. படுக்கை விரிப்பும் போர்வையும் ஒன்றரை கிலோ. மாற்றுடை, மழைச்சட்டை, துண்டு எல்லாம் சேர்ந்து 2 கிலோ. தண்ணீர் 3 லிட்டர் என்றால் 3 கிலோ. சாப்பாடும் சிறு அடுப்பும் 2 கிலோ. டியூப், காற்றடிக்கும் பம்ப், சாவிகள், விளக்கு, கைப்பேசிக்கான மின்கலம் எல்லாம் ஒன்றரை கிலோ. மொத்தம் 12 கிலோ வந்துவிடுகிறது.

விடுதி அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்குபவருக்குக் கூடாரமும் படுக்கையும் அடுப்பும் வேண்டாம். அவருக்கு 6 அல்லது 7 கிலோ போதும். இந்த ஒரு முடிவே சைக்கிளின் வகையை மாற்றிவிடும். 6 கிலோவைப் பல சைக்கிள்கள் சுமக்கும். 12 கிலோவை எல்லாச் சைக்கிள்களும் சுமக்காது.

எந்த வகை யாருக்கு?

நெடும்பயணச் சைக்கிள்: சுமைக்கென்றே செய்யப்படுவது. எஃகுச் சட்டம், முன்னும் பின்னும் கேரியர் பூட்டத் துளைகள், அகலமான டயர், ஏற்றத்துக்கான கியர் எல்லாம் இருக்கும். பொந்தியானோ மெர்சிங்கோ, எங்கும் போகலாம். ஆனால், எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. ஆண்டுக்குப் பலமுறை பயணம் போகிறவர்களுக்கே இதன் விலை கட்டுப்படியாகும்.

கிராவல் சைக்கிள்: வளைந்த ஹேண்டலும் 40 மில்லிமீட்டரை ஒட்டிய டயரும் டிஸ்க் பிரேக்கும் கொண்டது. தார்ச்சாலை, செம்மண் பாதை இரண்டிலும் ஓடும். பலவற்றில் கேரியருக்கான துளைகள் உண்டு, சிலவற்றில் இல்லை. வாங்கும் முன் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மலைச் சைக்கிள்: ஜொகூர்ப் பட்டணங்களில் எளிதாகக் கிடைப்பது இதுதான். பின்புறம் ஸ்பிரிங் இல்லாத வகையாக இருந்தால் கேரியர் பூட்டலாம். கரடுமுரடான டயரைக் கழற்றிவிட்டு, சாலைக்கு ஏற்ற வழவழப்பான டயரை மாட்டினால் ஓட்டம் நன்றாக இருக்கும். முன் கவையில் ஸ்பிரிங் இருப்பவை கனம் கூடியவை. அங்கே சுமை கட்டுவதும் கடினம். பின்புறமும் ஸ்பிரிங் உள்ள சைக்கிள் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

நகரச் சைக்கிள்: நேரான ஹேண்டல், 32 முதல் 40 மில்லிமீட்டர் டயர், நிமிர்ந்து உட்காரும் அமைப்பு. பத்து பகாட்டுக்கும் பொந்தியானுக்கும் போய்வரத் தாராளமாகப் போதும். குறைந்த பணத்தில் புதிதாக வாங்க நினைக்கும் குடும்பத்தினர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வகை.

பந்தயச் சைக்கிள்: கையால் தூக்கிப் பார்த்து மயங்குவது இதைத்தான். டயர் பெரும்பாலும் 25 முதல் 28 மில்லிமீட்டர். கார்பன் சட்டத்தில் கேரியரை இறுக்கிப் பூட்டினால் சட்டமே விரிசல் விடலாம். ஏற்கெனவே இதை வைத்திருப்பவர்கள் இருக்கைக்குப் பின்னும் ஹேண்டலிலும் கட்டும் துணிப்பைகளில் 5, 6 கிலோவை எடுத்துக் கொண்டு, விடுதியில் தங்கும் பயணமாக அமைத்துக் கொள்ளலாம். இரவுப் பயணத்துக்கென்று இதைப் புதிதாக வாங்குவது வீண்.

மடக்குச் சைக்கிள்: அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் காரில் பாதித் தூரம் போகிறவர்களுக்கும் வசதி. 20 அங்குலச் சக்கரம் குழியில் இறங்கினால் அதிர்வு அதிகம். ஓட்டுபவரும் சுமையும் சேர்த்து 100 முதல் 110 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் வரம்பு விதிக்கிறார்கள். 90 கிலோ எடையுள்ளவர் 12 கிலோ மூட்டையை ஏற்றினால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார்.

கடையில் பார்க்க வேண்டிய ஐந்து

1. கேரியர் பூட்டும் துளைகள். பின் சக்கர அச்சுக்கு அருகில் இரு பக்கமும் ஒவ்வொரு துளை, இருக்கைக்குக் கீழே சட்டத்தில் இரண்டு துளைகள் இருக்க வேண்டும். இருக்கைத் தண்டில் மட்டும் இறுக்கும் கேரியர் 10 கிலோவுக்கு மேல் தாங்குவது அரிது. நான்கு இடத்தில் திருகாணியால் பூட்டும் அலுமினியக் கேரியர்கள் பலவற்றில் 25 கிலோ என்று எழுதியிருக்கும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் கேரியரின் கால் பிரேக்கில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கப் பையைத் தொங்கவிட்டு, உட்கார்ந்து மிதித்து, குதிகால் பையில் படுகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

2. சக்கரம். பின் சக்கரத்தில் 32 கம்பிகளாவது இருப்பது நல்லது. பாரம் கூடுதலாக ஏற்றுபவர்களுக்கு 36. பந்தயச் சைக்கிள்களில் 24, 28 என்று குறைத்திருப்பார்கள். ஒரு கம்பி அறுந்தாலே சக்கரம் கோணி, பிரேக் உரசத் தொடங்கும். புதிய சைக்கிளாக இருந்தாலும் பயணத்துக்கு முன் கம்பிகளின் இறுக்கத்தைக் கடைக்காரரிடம் சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

3. டயரும் வால்வும். தார்ச்சாலைக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர், தோட்டப் பாதைக்கு 45க்கு மேல். முள் குத்தாமல் இருக்க உள்ளே தடுப்புப் பட்டை உள்ள டயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். சுமை ஏற்றும்போது பின் டயருக்கு அந்த வரம்பின் மேற்பகுதியில் வைக்க வேண்டும். வால்வில் இரண்டு வகை உண்டு. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வாக இருந்தால் எண்ணெய் நிலையத்திலேயே காற்று அடிக்கலாம். மெல்லிய வால்வாக இருந்தால் அதற்கான சிறு பித்தளை மூடி ஒன்றைப் பையில் போட்டுக் கொள்ள வேண்டும்.

4. கியர். இதை ஒரு கணக்கால் புரிந்து கொள்ளலாம். பந்தயச் சைக்கிளில் முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்பது வழக்கமான மிக லேசான கியர்களில் ஒன்று. பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர். சுமையோடு மேட்டில் அந்த வேகம் வராதபோது, மிதி மெதுவாகி முழங்கால் இழுத்துப் பிடிக்கும். முன்னால் 22, பின்னால் 34 பல் உள்ள மலைச் சைக்கிளில் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டருக்கும் குறைவுதான். அதே 60 சுற்றுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர். நடக்கும் வேகம்தான்; ஆனால், இறங்கித் தள்ள வேண்டியதில்லை. முன் பற்சக்கரத்தில் சிறியதன் பற்கள், பின்னால் பெரியதன் பற்களைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

5. பிரேக். 70 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ சைக்கிளில் போகும்போது நிறுத்த வேண்டியது 80 கிலோ. 14 கிலோ சைக்கிளில் 12 கிலோ மூட்டையோடு போனால் 96 கிலோ. பிரேக்குக்கு வேலை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் அந்த வேலை நான்கு மடங்காகும். இறக்கத்தில் வேகம் ஏறும் முன்பே விட்டு விட்டுப் பிடித்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது இதனால்தான். மழை அதிகமுள்ள நம் ஊருக்கு டிஸ்க் பிரேக் ஏற்றது. ரிம் நனைந்தாலும் அது பிடிக்கும். ரிம்மை அழுத்தும் பிரேக் இருப்பவர்கள் பயணத்துக்கு முன் புதிய ரப்பர் கட்டைகளை மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். மழையில் நனைந்ததும் லேசாகப் பிரேக்கை அழுத்தி ரிம்மைத் துடைத்துக் கொள்ளும் பழக்கமும் வேண்டும்.

பழைய சைக்கிள் வாங்குபவர்களுக்கு

புதிய சைக்கிளுக்குப் பணம் போதாதவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் இல்லாத, எஃகுச் சட்டமுள்ள பழைய 26 அங்குல மலைச் சைக்கிள் இந்தப் பயணத்துக்குக் கைகொடுக்கும். கேரியர் துளைகள் பெரும்பாலானவற்றில் உண்டு, கியர் லேசானது, சக்கரம் வலுவானது. 26 அங்குல டியூப் சிறு பட்டணத்துச் சைக்கிள் கடைகளிலும் கிடைக்கும். வழியில் பழுதானால், நவீன கார்பன் சைக்கிளைவிட இதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது எளிது.

வாங்கும் முன் சட்டத்தின் இணைப்புகளில் விரிசலோ துருவோ இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றி நேராக ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். இருக்கைத் தண்டு துருவேறி இறுகியிருந்தால் உயரம் மாற்ற முடியாது, அப்படிப்பட்டதை விட்டுவிடலாம். சங்கிலி, பின் பற்சக்கரம், பிரேக் கட்டை, பிரேக் கம்பி, இரு டயர்கள் ஆகியவற்றை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேரம் பேச வேண்டும்.

எதுவானாலும் உடலுக்குப் பொருந்தாத அளவில் வாங்கக் கூடாது. மலிவாகக் கிடைத்தது என்று பெரிய சட்டத்தை வாங்கியவர், இரண்டாம் நாள் கழுத்து வலியோடும் கை மரத்துப் போயும்தான் திரும்புவார். சட்டத்துக்கு மேலே நின்றால் மேல் குழாய்க்கும் உடலுக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும்.

பிரேக்கும் விளக்கும் பேரத்துக்கு உரியவை அல்ல

2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாமில் கார் மோதி 8 பதின்ம வயதினர் உயிரிழந்ததை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஓட்டியவை 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்கள். அந்த வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. யார் குற்றம் என்ற வாதம் ஒருபுறம் இருக்க, இருட்டில் சைக்கிள் எவ்வளவு தாமதமாக ஓட்டுநரின் கண்ணில் படுகிறது என்பதைப் பெற்றோர்கள் அன்று உணர்ந்தார்கள்.

இரவுப் பயணம் என்றால் இரவில் தங்கும் பயணம். இரவில் ஓட்டும் பயணம் அல்ல. மாலை 7 மணியளவில் இருட்டிவிடும் என்பதால் 5 மணிக்குள் தங்குமிடம் சேரும்படி திட்டமிட வேண்டும். பழுதோ மழையோ தாமதப்படுத்தலாம் என்பதால் விளக்கு எப்போதும் பையில் இருக்க வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பின் விளக்கைக் கட்டும்போது மூட்டை அதை மறைக்கிறதா என்று பின்னால் நின்று பார்க்க வேண்டும். பலர் இருக்கைத் தண்டில் விளக்கை மாட்டிவிட்டு, அதற்கு மேல் கூடாரத்தைக் கட்டிவிடுகிறார்கள். கேரியரின் பின் முனையில் பூட்டுவதே சரி. பையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுவதும் நல்லது.

அரிசி மூட்டைச் சோதனை

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகும், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு சோதனை செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் 10 கிலோ அரிசி மூட்டையை இரண்டாகப் பிரித்து, இரு பக்கப் பைகளிலும் சமமாக வைத்துக் கட்டி, தாமானைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம். அருகில் ஒரு மேடு இருந்தால் ஏறி இறங்க வேண்டும்.

ஹேண்டல் ஆடுகிறதா? பின்னால் இருக்கும் பாரத்தில் கொஞ்சம் முன்னால் மாற்ற வேண்டும். கனமானவற்றைப் பையின் அடியில் வைக்க வேண்டும். மேட்டில் மிதிக்க முடியவில்லையா? பின் பற்சக்கரத்தைப் பெரியதாக மாற்ற முடியுமா என்று கடையில் கேட்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் மெதுவாகப் பிடிக்கிறதா? அதைச் சரிசெய்யாமல் கிளம்பக் கூடாது. வீடு வந்ததும் கேரியரின் திருகாணிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது தளர்ந்திருந்தால், அது நெடுஞ்சாலையோரம் கழன்று விழாமல் வீட்டு வாசலிலேயே தெரிந்தது நல்லது.

பையில் இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், பம்ப், ஆறுபக்கச் சாவிகள், இரண்டு உபரித் திருகாணிகள், சில நெகிழிக் கட்டுப்பட்டைகள் இருக்கட்டும். டயர் மாற்றுவதை வீட்டு முற்றத்தில் ஒருமுறையாவது செய்து பழகியிருக்க வேண்டும். புறப்படும் முன் பாதையையும் தங்கும் இடத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். கஹாங்குக்கு அப்பால் கைப்பேசியை மட்டும் நம்பிக் கொண்டிருக்க முடியாது.

பால் வாளியோடு தினமும் போய் வந்த தோட்டத்துப் பெரியவர்கள் கிளம்பும் முன் டயரை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பார்ப்பார்கள், கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் அரை நிமிடம்தான் ஆகும். எந்தச் சைக்கிளை வாங்கினாலும் அந்தப் பழக்கத்தையும் அதோடு எடுத்துக் கொண்டால், ஞாயிறு மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேரலாம்.